இணைப்பு ஒரு வாக்கு என்றால், வாக்குரிமை யாருக்கு?

எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும், உலகம் படித்துவிடும் என்று நம்மில் பலர் இன்னமும் நினைக்கிறோம். ஏற்றுவது வேறு, கண்ணில் படுவது வேறு. தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் லட்சக்கணக்கான முடிவுகள் வந்து விழும். நாம் பார்ப்பது முதல் பக்கத்தை மட்டும்தான். அதிலும் மேலே இருக்கும் நான்கைந்தை. இரண்டாம் பக்கத்துக்குப் போன கட்டுரை, அச்சடித்து மூட்டை பிரிக்கப்படாமலே கிடக்கும் துண்டறிக்கைக்குச் சமம்.

அந்த முதல் பக்கத்தில் யாருக்கு இடம் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கணக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சிலர் மேலே ஏறுகிறார்கள், சிலர் ஒரே இரவில் காணாமல் போகிறார்கள். இது கணினிக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தக் குரல் கேட்கப்படும், எந்தக் குரல் கேட்காமல் போகும் என்பது எப்போதுமே அரசியல்தான். அதனால் இந்தக் கணக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பட்டியலும் சொல்லெண்ணிக்கையும்

1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த இணையதளங்களைப் பட்டியல் போட்டார்கள். அதுவே யாகூ ஆனது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, இது விளையாட்டு, இது அறிவியல் என்று பிரித்து அடுக்கிய பட்டியல் அது. நூலகத்தில் அட்டவணைப் பெட்டி இருக்குமே, அதே வேலை. ஆனால் இணையம் வளர்ந்த வேகத்துக்கு மனிதக் கைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனம் ஆல்டவிஸ்டா தேடுபொறியை வெளியிட்டது. அது பக்கங்களைத் தானே தேடிப் படித்து, அவற்றில் உள்ள சொற்களை வைத்து வரிசைப்படுத்தியது. தேடும் சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பதே முக்கிய அளவுகோல். அளவுகோல் தெரிந்ததும் ஏமாற்றும் வழியும் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, பொறிக்குத் தெரியும். தன்னைப் பற்றித் தானே அதிகம் கத்துபவன் முன்னால் நின்றான்.

மேற்கோளிலிருந்து பிறந்த கணக்கு

இங்கேதான் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்து எளிமையானது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்காதே. மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கப்படும் இணைப்பு ஒரு வாக்கு.

இந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. எந்த ஆய்வுக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்று எண்ணி அதன் செல்வாக்கை அளக்கும் முறையை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். இணைப்புகளை வைத்துப் பக்கங்களை வரிசைப்படுத்தும் ராங்க்டெக்ஸ் என்ற முறையை 1996இல் ராபின் லீ உருவாக்கினார். பின்னாளில் சீனாவின் பைடு தேடுபொறியைத் தொடங்கியவர் அவர்தான். பேஜும் பிரின்னும் இதே திசையில் மேலே போய், வாக்குக்கு எடை போட்டார்கள்.

அந்த எடைக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? ஒரு பக்கத்துக்குப் பத்து மதிப்பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஐந்து பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால், தோராயமாக ஆளுக்கு இரண்டு மதிப்பெண் போய்ச் சேரும். ஒரே ஒரு பக்கத்துக்குக் கொடுத்தால் ஏறக்குறைய முழுவதும் அதற்கே. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? அதற்கு இணைப்புக் கொடுத்த மற்றவர்களிடமிருந்து. இப்படி இணையம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் நிலைபெறும். அதன் பெயர் பேஜ்ரேங்க். லாரி பேஜின் பெயரிலிருந்து வந்தது. 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் பதிவானது. தேடியவர்களுக்குத் தேடியது கிடைத்தது. சில ஆண்டுகளில் மற்ற தேடுபொறிகள் பின்தங்கின.

ஆல்டவிஸ்டா காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இது எப்படிப்பட்ட வாக்கு என்பதைக் கவனியுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது நமக்கு நினைவிருக்கும். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அதை மறுக்கும் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று எச்சரித்தார். பேஜ்ரேங்க் கணக்கில் அந்த முதல் பாதியே கிடையாது. செல்வாக்குள்ள பக்கத்தின் ஒரு வாக்கு, யாருக்கும் தெரியாத ஆயிரம் பக்கங்களின் வாக்கைவிடக் கனமாக இருக்கலாம். ஏற்கனவே தெரிந்தவர் இன்னும் தெரியவருவார். யாருடைய கண்ணிலும் படாதவருக்கு யாரும் இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். இணைப்பு இல்லாததால் யாருடைய கண்ணிலும் பட மாட்டார்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்வோம். விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும், பயனர் பக்கம் நிற்காது என்று அதே 1998 கட்டுரையில் பேஜும் பிரின்னுமே எழுதினார்கள். 2000 அக்டோபரில் கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது.

வாக்குக்கு விலை

2000 டிசம்பரில் கூகுள் ஒரு கருவிப்பட்டையை வெளியிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணாக அதில் தெரியும். அதுவரை இணைப்பு என்பது, இதைப் படி, நன்றாக இருக்கிறது என்று நண்பருக்குக் கைகாட்டுவது போல இருந்தது. எண் வெளியில் தெரிந்ததும் அது சந்தைச் சரக்கானது. ஏழு மதிப்பெண் உள்ள பக்கத்திலிருந்து ஓர் இணைப்புக்கு இவ்வளவு, ஐந்து என்றால் இவ்வளவு என்று விலை பேசினார்கள்.

இதிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. அதன் பெயர் லிங்க் பில்டிங். நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று பண்டமாற்று. இணைப்புக்காகவே நடத்தப்பட்ட போலிப் பட்டியல் தளங்கள். வலைப்பதிவுகளின் பின்னூட்டப் பெட்டியில் மருந்துக் கடை விளம்பரம். ஒருவரே நூறு போலித் தளங்களை நடத்தி, அத்தனையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வாக்குப் போடுவது. நம் ஊர்த் தேர்தலில் கள்ள ஓட்டுப் போடுபவர்கள் செய்வதெல்லாம் இங்கேயும் நடந்தது. இந்த வேலையில் நிறைய இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் வந்தது. பட்டம் படித்த இளைஞர்கள் குறைந்த சம்பளத்துக்கு, நாள் முழுக்க இணைப்புகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓக்லஹோமாவில் சேர்ச் கிங் என்ற நிறுவனம் 2002இல் இப்படி இணைப்பு விளம்பரங்களை வாங்கி விற்கும் சேவையைத் தொடங்கியது. விரைவில் அதன் மதிப்பெண் சரிந்தது. வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று வழக்குப் போட்டது. 2003இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து. கருத்துச் சுதந்திரம் அரசியல் சட்டப் பாதுகாப்பு பெற்றது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை மாணவர்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். மக்களிடம் போகும்போது இது கணிதம், நடுநிலை, மனிதக் கை படாதது. நீதிமன்றத்துக்குப் போகும்போது இது எங்கள் கருத்து. ஒரே பொருளுக்கு இரண்டு முகம்.

புளோரிடா

2003 நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை, அமெரிக்காவின் சிறு வணிகர்கள் பலர் தங்கள் தளங்களைக் கூகுளில் தேடினார்கள். காணவில்லை. தேடுபொறிக்காகவே சொற்களையும் இணைப்புகளையும் செதுக்கி வைத்திருந்த தளங்களைக் குறிவைத்து வந்த அந்த மாற்றத்துக்கு இணையதள நிர்வாகிகள் புளோரிடா என்று பெயர் வைத்தார்கள். ஏமாற்றியவர்களோடு ஏமாற்றாதவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சரக்கு வாங்கி அடுக்கி வைத்தவர்களின் கடை வாசலை யாரோ இரவோடு இரவாகச் செங்கல் வைத்து அடைத்தது போல ஆயிற்று. என்ன தவறு செய்தோம், எப்படித் திருத்துவது என்று கேட்க ஒரு வாசலும் இல்லை.

இதன் பிறகுதான் ஒன்று எல்லோருக்கும் உறைத்தது. தேடுபொறியின் விதி மாற்றம் என்பது நிலச் சட்டம் மாறுவது போன்ற விஷயம். ஆனால் அரசிதழில் அறிவிப்பு இல்லை, முன்னறிவிப்பு இல்லை, மேல்முறையீடு இல்லை.

வெறுப்புக்கும் வாக்கு உண்டு

2004இல் கூகுளில் யூதர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினால், யூத வெறுப்பைப் பரப்பும் ஒரு தளம் முதலிடத்தில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கையால் நீக்க மாட்டோம், கணக்கு சொன்னதைக் காட்டுகிறோம் என்று கூகுள் சொல்லிவிட்டு, பக்கத்தின் மேலே ஒரு விளக்கக் குறிப்பை வைத்தது. வலைப்பதிவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆளாளுக்குத் தங்கள் பக்கத்திலிருந்து விக்கிப்பீடியாவின் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்து அதை மேலே ஏற்றினார்கள். இணைப்பைக் கூட்டுச் செயல்பாடாக மாற்றிய முன்னோடி நிகழ்வுகளில் இது ஒன்று.

இதைவிடக் கசப்பான இன்னொரு கதை உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஒரு தளம் பல ஆண்டுகள் தேடல் முடிவுகளில் முன்வரிசையில் இருந்தது. அதை நடத்தியது ஸ்டார்ம்ஃபிரன்ட் என்ற வெள்ளை நிறவெறிக் குழு. வீட்டுப்பாடத்துக்காகக் கிங்கைத் தேடிய பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய் விழுந்தார்கள். இது எப்படி மேலே வந்தது? இணையத்தில் பார்ப்பதையெல்லாம் நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்குக் கற்பிக்க, நூலகர்களும் ஆசிரியர்களும் இந்தத் தளத்தை எடுத்துக்காட்டாகக் காட்டி இணைப்புக் கொடுத்தார்கள். கல்வி நிறுவனங்களின் இணைப்பு என்றால் எடை அதிகம். கண்டித்துக் கொடுத்த இணைப்பும் கணக்கில் வாக்காகவே விழுந்தது. கணக்குக்குக் கோபம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன், தன் அறிக்கையில் தான் மாறிய கதையை எழுதியிருந்தான். கறுப்பர்கள் வெள்ளையர்களுக்கு எதிராகச் செய்யும் குற்றங்கள் என்று கூகுளில் தேடியபோது முதலில் வந்தது ஒரு வெள்ளை மேலாதிக்க அமைப்பின் தளம் என்று அதில் சொல்கிறான். அமெரிக்க ஆய்வாளர் சஃபியா நோபிள் 2018இல் வெளியிட்ட 'அல்காரிதம்ஸ் ஆஃப் அப்ரெஷன்' நூல் இந்தத் தேடலை விரிவாக ஆராய்கிறது. கொலைக்குத் தேடுபொறி மட்டும் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் கேள்வி கேட்கும் நேரத்தில் அவன் கையில் எந்தப் பதிலை முதலில் வைக்கிறோம் என்பது சின்ன விஷயமும் அல்ல.

2016 டிசம்பரில் யூத இனப்படுகொலை நடந்ததா என்று ஆங்கிலத்தில் தேடினால், நடக்கவில்லை என்று சொல்லும் ஸ்டார்ம்ஃபிரன்ட் பக்கம் முதலில் வந்தது. பிரிட்டன் பத்திரிகையாளர் கரோல் காட்வாலடர் இதை எழுதினார். கூகுளுக்குக் காசு கொடுத்து விளம்பரம் வாங்கி, உண்மையான தகவலை மேலே வைத்தும் காட்டினார். முதலில் தயங்கிய கூகுள், பிறகு தன் கணக்கைத் திருத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முடியாது என்றது, இப்போது முடிந்தது.

கேட்பவர், கொடுக்காதவர்

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறியீட்டை ஏற்றுக்கொண்டன. ஓர் இணைப்பில் இந்தக் குறியைச் சேர்த்தால் அது வாக்காக எண்ணப்படாது. பின்னூட்டக் குப்பையைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறியைப் போட்டது. காரணம் நியாயமானது, குப்பை இணைப்புகள் அங்கே வந்து குவிந்தன. ஆனால் விளைவைப் பாருங்கள். உலகமே விக்கிப்பீடியாவுக்கு வாக்குப் போட்டது. விக்கிப்பீடியாவுக்கு ஆதாரம் தந்த சின்னத் தளங்களுக்கு அங்கிருந்து வாக்குத் திரும்பவில்லை. பிறகு பெரிய தளங்கள் பலவும் இதே வழியில் போயின. 2019இல்தான் கூகுள் இந்தக் குறியைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாக மாற்றியது.

தமிழ் இணையத்துக்கு இன்னொரு தடையும் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் நம் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. மனிதக் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழில் தேட முடிந்தது. அந்த இடைக்காலத்தில் நம்மைச் சேர்த்து வைத்தவை 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளும், பதிவர்கள் ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் போட்டுக்கொண்ட வலைப்பதிவுப் பட்டியல்களும்தான். கூகுளுக்காகக் கொடுத்த இணைப்புகள் அல்ல அவை. படிக்கச் சொல்லிக் கொடுத்தவை.

பாண்டாவும் பென்குயினும்

2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது. நவ்நீத் பாண்டா என்ற கூகுள் பொறியாளரின் பெயர்தான் அது. அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் 11.8 சதவீதத்தை இந்த மாற்றம் பாதித்ததாகக் கூகுளே அறிவித்தது. ஆயிரக்கணக்கில் மலிவுக் கட்டுரைகளை உற்பத்தி செய்து விளம்பரக் காசு பார்த்த உள்ளடக்கத் தொழிற்சாலைகள் அதன் இலக்கு. ஆனால் தாங்கள் எழுதியது தங்கள் தளத்தில் கீழே போய், அதைத் திருடிப் போட்ட தளம் மேலே வந்துவிட்டது என்று புலம்பிய சிறு தளக்காரர்களும் உண்டு.

2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் வந்தது. இம்முறை இலக்கு இணைப்பு வணிகம். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. அதுவரை லாபமாக இருந்த விலை கொடுத்து வாங்கிய இணைப்புகள் இப்போது கடனாக மாறின. நேற்று வரை இணைப்புக் கொடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள், இன்று தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று அனுப்பினார்கள். எடுப்பதற்கும் காசு கேட்ட தளங்கள் இருந்தன. 2012 அக்டோபரில், இந்த இணைப்புகள் எனக்கு வேண்டாம் என்று தளக்காரர் கூகுளிடம் பட்டியல் கொடுக்கும் வசதி வந்தது. பயத்தில் நல்ல இணைப்புகளையும் சேர்த்து வெட்டியவர்கள் ஏராளம். யாருக்கும் இணைப்பே கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்ற மனநிலை பரவியது. இணையம் என்பதே இணைப்புகளால் ஆனது. அந்த இணைப்புக்கே மக்கள் அஞ்சும் நிலை வந்தது.

பெரியவருக்குப் பத்து நாள், சிறியவருக்கு இரண்டு ஆண்டு

ஒரே விதி, ஒரே தண்டனை என்று கூகுள் சொல்லும். நடந்ததைப் பார்ப்போம்.

2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளம் தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறு பக்கத்தையும் காட்டியதாகக் கூகுள் அதை நீக்கியது. சில நாட்களில் திரும்ப வந்தது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் பெரிய பூ வணிக நிறுவனம் இன்டர்ஃப்ளோரா, பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியாக இணைப்பு வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டது. பதினொரு நாளில் திரும்பியது. 2013 கிறிஸ்துமஸ் அன்று ராப் ஜீனியஸ் என்ற பாடல் வரிகள் தளம் காணாமல் போனது. பெரிய முதலீட்டாளர்களின் ஆதரவு பெற்ற தளம் அது. பத்து நாளில் திரும்பியது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பல்பொருள் அங்காடிதான் இவர்களில் அதிக நாள் காத்திருந்தது. 2011இல் நியூயார்க் டைம்ஸ் அதன் ஆயிரக்கணக்கான போலி இணைப்புகளை அம்பலப்படுத்திய பின், தண்டனை சுமார் 90 நாள் நீடித்தது.

இவை மனிதர் பார்த்துக் கொடுத்த தண்டனைகள். மனு போடலாம், திருத்திக் காட்டலாம், ஆள் பார்த்து நீக்குவார். பென்குயின் கணக்கில் தானாக விழுந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. தவறைத் திருத்திய பிறகும் கூகுள் அந்தக் கணக்கை மறுபடி ஓட்டும் வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் ஒருமுறை ஓட்டினார்கள். அடுத்தது 2016 செப்டம்பரில். இடையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஏதோ ஒரு முகவர் பேச்சை நம்பி இணைப்பு வாங்கிய சின்னக் கடைக்காரர், எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஆண்டு வாசலில் நின்றார். பலர் அதற்குள் கடையை மூடிவிட்டார்கள். விதி ஒன்றுதான்; ஆனால் மணி அடித்தால் கதவு திறக்கும் வீடும், மணியே இல்லாத வீடும் ஒன்றல்ல.

போராடி வென்றவர்களும் உண்டு. பிரிட்டனில் ஷிவோன் ராஃப், ஆடம் ராஃப் என்ற தம்பதி ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். 2006இல் கூகுளின் தானியங்கித் தண்டனை அவர்களைத் தேடல் முடிவுகளின் அடியில் தள்ளியது. மனுக்கள் எடுபடவில்லை. 2009இல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளியதற்காக 2017 ஜூனில் ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை விழுந்ததிலிருந்து பதினெட்டு ஆண்டு. இரண்டு பேர் விடாமல் நின்றதால் நடந்தது. அதே 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார்.

இப்போது

2022 ஆகஸ்டிலிருந்து மக்களுக்குப் பயனுள்ள உள்ளடக்கம் என்ற பெயரில் கூகுள் தொடர்ந்து மாற்றங்கள் செய்தது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த மாற்றங்களில், சொந்தமாகச் சோதித்து எழுதிய தனிநபர் தளங்கள் பலவும் வாசகர்களைப் பெருமளவில் இழந்தன. பெரிய ஊடகப் பெயர்களின் மேலோட்டமான பரிந்துரைப் பட்டியல்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன என்று அந்தத் தளக்காரர்கள் ஆதாரத்துடன் எழுதினார்கள். 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் 2,500 பக்கத்துக்கும் மேல் கசிந்தன. ஒரு தளத்துக்கு மொத்தமாகச் செல்வாக்கு மதிப்பு எதுவும் நாங்கள் வைத்திருக்கவில்லை என்று கூகுள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தது. அந்த ஆவணங்களில் தளச் செல்வாக்கு என்ற பெயரிலேயே ஓர் அம்சம் இருந்தது. ஆவணங்கள் உண்மையானவை என்று கூகுள் ஒப்புக்கொண்டது, ஆனால் முழுச் சூழல் இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள் என்றது.

அதே மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வரத் தொடங்கியது. எழுதியவரின் பக்கத்துக்குப் போகாமலே பதில் கிடைத்துவிடுகிறது. இணைப்பு ஒரு வாக்கு என்று தொடங்கிய நிறுவனம், இணைப்பைத் தட்ட வேண்டிய தேவையையே குறைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

நாம் என்ன செய்வது?

1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, திலகர் நிறுவிய கேசரி பத்திரிகை அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் வெளியிட மறுத்தது. இன்றைய மொழியில் சொன்னால், செல்வாக்குள்ள பக்கம் இணைப்புத் தர மறுத்தது. இதழ் அதனால் பிறக்காமல் போகவில்லை. கேசரியின் வாசகர்களை நம்பி அது தொடங்கப்படவும் இல்லை. தன் வாசகர்களைத் தேடி அது நேரே போனது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒரே வாசலை நம்பாதீர்கள். புளோரிடாவில் விழுந்தவர்களும் 2023இல் விழுந்தவர்களும் செய்த ஒரே தவறு, வாசகர் வரும் வழி முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்ததுதான். மின்னஞ்சல் பட்டியல், அச்சுப் பிரதி, வாசகர் வட்டம், நேரில் சந்திப்பு இவை பழைய வழிகள்தான், ஆனால் இவற்றை எந்தக் கணக்கும் இரவோடு இரவாக அழிக்க முடியாது.

இரண்டாவது, ஒருவருக்கொருவர் தாராளமாக இணைப்புக் கொடுங்கள். சக தோழரின் கட்டுரையைப் படித்துவிட்டு அதே கருத்தைத் திரும்ப எழுதும்போது, எங்கிருந்து எடுத்தோம் என்று சுட்டுங்கள். பட்டியல் போட்டு மாறி மாறிக் கொடுக்கும் வியாபாரம் அல்ல இது. படித்தேன், கற்றேன், நீயும் படி என்று சொல்லும் நேர்மை. நம் எழுத்தை நாமே மேற்கோள் காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவார்கள்?

மூன்றாவது, வெறுப்புப் பக்கங்களைக் கண்டிக்கும்போது அவற்றுக்கு வாக்குப் போடாதீர்கள். அந்த நூலகர்களின் கதையை நினைவில் வையுங்கள். மறுக்க வேண்டிய இடத்தில் அவர்கள் சொன்னதைச் சுருக்கி எழுதுங்கள். படம் பிடித்துப் போடுங்கள். இணைப்புத் தந்தே ஆக வேண்டும் என்றால் நோஃபாலோ குறியோடு கொடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். தனியாகத் தந்திரம் கற்பது போதாது. இந்தக் கணக்கு பொதுச் சாலையைப் போல எல்லோருடைய வாழ்வையும் தொடுகிறது என்றால், அதற்குப் பொது விதி வேண்டும். மாற்றத்துக்கு முன்னறிவிப்பு, தண்டனைக்குக் காரணம், கேட்பதற்கு ஒரு வாசல் வேண்டும். ராஃப் தம்பதி பதினெட்டு ஆண்டு நின்று இதில் ஒரு பங்கைப் பெற்றுக் காட்டினார்கள். சட்டம் படிக்கும் தோழர்களும், கணினி படிக்கும் தோழர்களும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. உங்கள் கல்லூரிப் படிப்பு வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு இதையே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.